எல்ஜின் ஏ-11: போருக்குக் கடிகாரம் செய்த நிறுவனம் எப்படி மறைந்தது?

கேள்வி

அண்மையில் என் கைக்கு வந்த ஒரு பழைய கைக்கடிகாரத்தின் பின்மூடியில் ‘டைப் ஏ-11’ என்றும் ‘94-27834’ என்றும் பொறித்திருக்கிறார்கள். கறுப்பு டயல், வெள்ளை எண்கள். உள்ளே இயந்திரத் தகட்டில் எல்ஜின் என்ற பெயர் தெளிவாகத் தெரிகிறது. சாவி கொடுக்கும் குமிழை வெளியே இழுத்தவுடன் விநாடி முள் நின்றுவிடுகிறது. இது பழுதா, அல்லது அப்படித்தான் செய்யப்பட்டதா? மேலும், ஒரு காலத்தில் இவ்வளவு பெரிதாக இருந்த அமெரிக்க நிறுவனம் எப்படி இல்லாமல் போனது என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

பழுது இல்லை, ஐயா. அந்தக் கடிகாரத்தின் உயிர்நாடியே அதுதான். 94-27834 என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவ விமானப் படைக்கான கடிகாரங்களுக்கு வகுக்கப்பட்ட தரக்குறிப்பின் எண். அதன்படி எல்ஜின், வால்தம், புலோவா ஆகிய மூன்று நிறுவனங்களும் ஏ-11 கடிகாரங்களைச் செய்து கொடுத்தன. விநாடி முள் டயலின் நடுவிலிருந்து சுழல வேண்டும், குமிழை இழுத்தால் அது நிற்க வேண்டும் என்பவை முக்கியமான நிபந்தனைகள். விமானக் குழுவினர் புறப்படுமுன் அனைவரும் முள்ளை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒருவர் குரல் கொடுத்த அதே நொடியில் குமிழை உள்ளே அழுத்துவார்கள்; அதன் பிறகு எல்லாக் கடிகாரங்களும் விநாடி பிசகாமல் ஒன்றாக ஓடும். எல்ஜின் இதற்குப் பயன்படுத்தியது, உராய்வைக் குறைக்கும் 16 சிறு கற்கள் கொண்ட 539 என்ற இயந்திரம். கடற்படைக்காக எல்ஜின் செய்த இன்னொரு வகையில், நீர் புகாதபடி குமிழின் மேல் ஒரு மூடியைத் திருகி, அந்த மூடி தொலைந்துவிடாமல் சிறு சங்கிலியால் உறையோடு பிணைத்திருப்பார்கள். என் கணிப்பில், கைக்கடிகார வடிவமைப்பில் அதைவிட நேர்மையான பொருள் குறைவு.

இரண்டாம் மறுமொழி

நிறுவனத்தின் கதையை நான் தொடர்கிறேன். 1864-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், இல்லினாய் மாநிலத்தின் எல்ஜின் நகரில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் தொழிற்சாலை கட்டியது. 1867-இல் வெளிவந்த முதல் கடிகாரத்துக்குச் சிகாகோவின் முன்னாள் மேயர் பெஞ்சமின் ரேமண்டின் பெயரைச் சூட்டினார்கள்; விலை 117 டாலர். நேரத்தை நட்சத்திரங்களைப் பார்த்தே சரிபார்க்க வேண்டும் என்பதற்காகத் தனக்கென ஒரு வானோக்கு நிலையத்தையே கட்டிக்கொண்ட நிறுவனம் அது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. மொத்தத்தில் ஏறத்தாழ 6 கோடிக் கடிகாரங்கள் அங்கிருந்து வெளிவந்தன.

வீழ்ச்சிக்குச் சுவிஸ் போட்டிதான் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அதில் உண்மை உண்டு, ஆனால் அந்தப் போட்டி வலுப்பெற்ற விதத்தைப் பார்க்க வேண்டும். 1936-இல் அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் இறக்குமதி வரியைக் குறைத்தது. அதன்பின் போர் வந்தது. எல்ஜின் பொதுமக்களுக்கான உற்பத்தியை நிறுத்திவிட்டு இராணுவக் கடிகாரங்களிலும் பீரங்கிக் குண்டுகளைக் குறித்த நேரத்தில் வெடிக்கவைக்கும் கருவிகளிலும் முழுமூச்சாக இறங்கியது. அந்த ஆண்டுகளில் நகைக்கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளை நிரப்பியவை சுவிஸ் கடிகாரங்கள். போர் முடிந்து எல்ஜின் திரும்பி வந்தபோது அதன் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருந்தார். அதாவது, உங்கள் கையிலிருக்கும் கடிகாரத்தைச் செய்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் நிறுவனம் தன் சந்தையை இழந்துகொண்டிருந்தது. 1954-இல் அதிபர் ஐசனோவரின் அரசு இறக்குமதி வரியை உயர்த்தியும் நிலைமை மீளவில்லை. பிற்காலத்தில் எல்ஜினே சுவிஸ் இயந்திரங்களை வாங்கித் தன் பெயரைப் பொறிக்கும் நிலை வந்தது. வால்தம் 1957-இல் ஓய்ந்தது. சுவிட்சர்லாந்திலேயே தொழிற்சாலை வைத்திருந்த புலோவா மட்டும் தாக்குப்பிடித்தது தற்செயல் அன்று. எல்ஜின் நகரத் தொழிற்சாலையின் மணிக்கூண்டு 1966-இல் இடிக்கப்பட்டது. உற்பத்தி தென் கரோலினாவின் பிளேனி என்ற சிற்றூருக்குப் போய், அவ்வூர் தன் பெயரையே எல்ஜின் என்று மாற்றிக்கொண்ட பின்னரும், 1968-இல் எல்லாம் நின்றுபோனது.

கேட்டவரின் தொடர்கேள்வி

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் இன்றும் எல்ஜின் என்ற பெயரில் புதிய கடிகாரங்கள் விற்பனைக்கு வருகின்றனவே, அவை யாருடையவை? என் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றாம் மறுமொழி

பெயர் விற்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். அந்தப் புதிய கடிகாரங்களுக்கும் ஃபாக்ஸ் ஆற்றங்கரைக்கும் உறவு கிடையாது. உண்மையில் எல்ஜினின் வாரிசு வேறொரு துறையில் வாழ்கிறது: கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லான மெயின் ஸ்பிரிங் துருப்பிடித்து அறுவதைத் தவிர்க்க அவர்கள் 1940-களில் உருவாக்கிய எல்ஜிலாய் என்ற கோபால்ட் கலந்த உலோகம் இன்று மருத்துவக் கருவிகளிலும் பயன்படுகிறது.

பழுதுபார்ப்பவரிடம் டயலுக்குப் புதிதாக வண்ணம் பூச வேண்டாம் என்று முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். மங்கிய எண்களோடு இருப்பதுதான் மதிப்பு. பின்மூடியை மெருகேற்றவும் விடாதீர்கள், பொறித்த எண்கள் தேய்ந்துவிடும். திறக்கும்போது உள்ளே எல்ஜிலாய் ஸ்பிரிங் இருப்பதாகத் தெரிந்தால், அது போருக்குப் பின் யாரோ மாற்றியது. ஆனால் அதை எடுத்துவிட்டுப் பழைய எஃகு ஸ்பிரிங்கைத் தேடிப் போட வேண்டியதில்லை, அதுவும் எல்ஜின் செய்ததுதான், எஃகைவிட நம்பகமானதும்கூட.