பொருள்: கூலண்ட் – தமிழில் ஒரு சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார் வாகனச் சொல்தொகுப்பில், எஞ்சினின் சூட்டை எடுத்துப்போக அதற்குள் ஓடவிடும் திரவமான கூலண்ட் என்ற பதிவுக்கு எதிரே குளிரூட்டி, குளிர்விப்பான், தணிப்பான் என்று மூன்று பரிந்துரைகள் நிற்கின்றன. வாக்கெடுப்புக்குப் போகும் முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

குளிரூட்டி ஏற்கெனவே ஏ.சி.க்குப் போய்விட்டது. சேலம் ஐந்து ரோட்டில் இறங்கி ‘காருக்குக் குளிரூட்டி வேணும்’ என்றால் கேஸ் பிடிக்கிற கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். தணிப்பான் பள்ளிப் பாடநூலில் அணு உலைக்கு உரியது. நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் பொருளுக்கு அங்கே அந்தப் பெயர். குளிர்விப்பானும் அதே பாடத்தில் உண்டு, இலக்கணப்படி குறையில்லை. ஆனால் எஞ்சினுக்குள் ஓடும் திரவத்துக்குக் குளிர் என்ற வேரே பொருந்தவில்லை என்பது என் கட்சி.

கார் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று யாரும் அதை வடிவமைக்கவில்லை. பெரும்பாலான வண்டிகளில் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான், அதை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் என்ற அடைப்பான் திறக்கவே தொடங்கும். எஞ்சினின் சூட்டை 90-ஐ ஒட்டி நிலையாக வைத்திருப்பதுதான் நோக்கம். நம் ஊரில் என்ன நடக்கிறது? வண்டி ஒருமுறை கொதித்ததும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டு ‘இனிமே ஹீட்டே ஆகாதுங்க’ என்கிறார்கள். சூடேறாத எஞ்சின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். குளிர் என்று பெயர் வைத்தால் இந்தப் பழக்கத்துக்கு நாமே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.

இன்னொரு சிக்கல் சேலத்துக்காரர்களுக்குத் தெரிந்ததே. லேத் பட்டறையில் கடைசல் நடக்கும்போது மேலே ஊற்றுகிற பால் நிறத் திரவத்துக்கும் கூலண்ட் என்றுதான் பெயர். அதற்குத் தனிச்சொல் வேண்டும். வெட்டுநீர்மம் என்று யாரோ முன்பு எழுதியது எனக்குச் சரியாகப் படுகிறது. அதை இங்கே கலக்க வேண்டாம்.

சூடான ஒன்றைத் தேவையான பதத்துக்குக் கொண்டுவரத் தமிழில் நல்ல வினை இருக்கிறது: ஆற்றுவது. காப்பியை ஆற்றுகிறோமே தவிரக் குளிர்விப்பதில்லை. ஆகவே சூடாற்றி என்ற சொல்லை முன்வைக்கிறேன். வெப்பாற்றி என்றாலும் சரி. ஆனால் பட்டறையில் யாரும் வெப்பம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

1916-ல் ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தபோது அறிவியல் சொற்களைத் தமிழாக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். பின்னால் சொல்லாய்வறிஞர் பாவாணர் 1944 முதல் 1956 வரை இங்கே கல்லூரியில் தமிழ் கற்பித்தார். இந்த ஊரிலிருந்துகொண்டு கூலண்ட்டைக் கூலண்ட் என்றே விட்டுவிடுவது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

– அஸ்தம்பட்டியிலிருந்து

* * *

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். வேதியியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைத் தொடங்கிவைத்ததும் நான்தான்; வீட்டில் நிற்கும் பழைய அம்பாசடருக்கு எதை ஊற்றுவது என்று கேட்டேன், பேச்சு சொல்லாராய்ச்சிக்குத் திரும்பிவிட்டது. பரவாயில்லை.

> ஆகவே சூடாற்றி என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

தம்பி, ‘ஆற்றி’ என்றால் ஆற்றுகிற பொருள் அல்லவா? எஞ்சினில் ஆற்றுகிற வேலையைச் செய்வது ரேடியேட்டர். திரவம் சூட்டைச் சுமந்துபோய் அங்கே இறக்கிவைக்கிறது. ரேடியேட்டருக்குத் தொகுப்பில் கதிர்வீசி என்று போட்டிருக்கிறீர்கள். அது கதிராக வீசும் வெப்பம் கொஞ்சம்தான். பெரும்பகுதி காற்றோடு போகிறது. ஆங்கிலப் பெயரில் இருக்கும் குறையை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? சூடாற்றி என்பதை ரேடியேட்டருக்குக் கொடுத்துவிடுங்கள், அழகாகப் பொருந்தும்.

திரவத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கும் குப்பியில் இருப்பது என்ன? பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அதோடு உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் வேதிப்பொருள்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச இதில் எதுவும் கிடையாது. பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் சுமக்கும் திறன் வெறும் தண்ணீரைவிடக் குறையத்தான் செய்யும். பின் எதற்குக் கலக்கிறோம்? அந்தக் கலவை −37 டிகிரி வரை உறையாது; குளிர்நாட்டுக்காரனுக்கு அது உயிர்நாடி, சேர்வராயன் மலைக்கு அது தேவையே இல்லை. நமக்குப் பயன்படுவது மற்ற இரண்டு குணங்கள்: கொதிநிலை ஏறுகிறது, உலோகம் அரிக்காமல் இருக்கிறது.

கொதிநிலை இங்கே சின்ன விஷயமில்லை. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்துபோன பழைய வண்டி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே வரும்போது இதே நிலைதான். மூடி நன்றாக அழுத்தம் பிடித்தால் கொதிநிலை இருபது டிகிரிக்கும் மேல் உயரும். ஆகவே கூலண்ட் மாற்றுகிறவர்கள் முதலில் மூடியை மாற்றிவிட்டுப் பேசலாம்.

ஆக, சூட்டைச் சுமப்பது தண்ணீரின் வேலை, காப்பது குப்பிச் சரக்கின் வேலை. ஆங்கிலத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே பெயரில் விற்கிறார்கள். விளைவு, கூலண்ட்தானே என்று தண்ணீரே சேர்க்காமல் செறிவான சரக்கை அப்படியே ஊற்றிவிட்டு வண்டி ஏன் சூடாகிறது என்று தலையைச் சொறிகிறார்கள். தமிழிலும் ஒரே சொல் வைத்தால் அதே குழப்பம்தான் தொடரும். எஞ்சினுக்குள் ஓடும் கலவைக்கு ஒரு பெயர், குப்பியில் வரும் செறிவுக்கு வேறு பெயர். கலவையை ஆற்றுநீர் எனலாம் என்று நினைத்தேன். காவிரித் தண்ணீர் பிடித்து ஊற்றினால் போதும் என்று யாராவது முடிவு கட்டிவிடுவார்கள்!

* * *

செவ்வாய்ப்பேட்டையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் நிறம் சொல்லித்தான் கேட்கிறார்கள். ‘பச்சை ஒரு லிட்டர் குடுங்க’, ‘நம்ம வண்டியில சிவப்பு இருந்துச்சு.’ நிறம் வெறும் சாயம்தான். ஒரே நிறத்தில் இரண்டு நிறுவனங்கள் வேறு வேறு சரக்கு விற்கிறார்கள். பச்சை என்றால் பழைய வகை என்பது ஒரு காலத்தில் ஓரளவு சரி. இப்போது அதை நம்பி வாங்க முடியாது. நீங்கள் கூலண்ட்டுக்குப் பெயர் வைப்பதைவிட அதன் வகைகளுக்குப் பெயர் வைத்தால் எங்களுக்கு உபகாரமாக இருக்கும். குப்பியின் பின்பக்கம் ஐ.ஏ.டி., ஓ.ஏ.டி., ஹெச்.ஓ.ஏ.டி. என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து வாங்குங்கள் என்று சொன்னால் ‘அது என்னங்க?’ என்கிறார்கள். பதில் சொல்ல வார்த்தை இல்லை.

* * *

அஸ்தம்பட்டியிலிருந்து மறுபடியும்.

ஐயா சொன்னதை ஏற்கிறேன்: சூடாற்றி ரேடியேட்டருக்கே போகட்டும். எஞ்சினில் ஓடும் கலவைக்குச் சூடாற்றுநீர். முன்னால் சூடு நிற்பதால் காவிரி பயம் இல்லை. குப்பியில் வரும் செறிவுக்குக் காப்புச்செறிவு. ‘காப்புச்செறிவை நல்ல தண்ணீரில் கலந்தால் சூடாற்றுநீர்’ என்று எழுதும்போதே செய்முறை விளங்கிவிடுகிறது. கலந்தே விற்கும் குப்பியில் சூடாற்றுநீர் என்றே அச்சிடலாம். அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்பது பெயரிலேயே வந்துவிடும்.

கடைக்காரர் கேட்டதுதான் உண்மையில் பெரிய கேள்வி. அந்த மூன்று சுருக்கங்களும் காப்பு வேதிப்பொருள் எது என்பதைத்தான் குறிக்கின்றன. சிலிக்கேட், பாஸ்பேட், போரேட் மாதிரியான உப்புகள் இருந்தால் முதல் வகை. கரிம அமிலங்களின் உப்பு இருந்தால் இரண்டாவது. இரண்டும் கலந்தால் மூன்றாவது. கனிமக் காப்பு, கரிமக் காப்பு என்று நேராகப் பெயர் வைக்கலாம் என்று பார்த்தேன். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். பட்டறைச் சத்தத்தில், அதுவும் போனில் சொன்னால், எது எதுவென்று யாருக்குக் கேட்கும்? அமிலக் காப்பு என்றால் பேட்டரி ஆசிட்டை ரேடியேட்டரில் ஊற்றச் சொல்கிறார்கள் என்று ஓடிவிடுவார்கள். உப்புக் காப்பு என்றால் அதைவிட மோசம். சேலத்தில் பாதி ரேடியேட்டர் அடைத்துக்கொள்வதே உப்புத் தண்ணீரால்தான்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளைக்கல் கிடைக்கும் பூமி இது, மக்னீசியம் உள்ள மக்னசைட். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரின் கடினத்தன்மையில் கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்தே வரும். அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் உள்ள செறிவைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து படிவு இறங்கும், மெல்லிய குழாய்களில் போய் உட்காரும். கடின நீர் அதிகம் என்பதால்தான் ஐரோப்பிய வண்டி நிறுவனங்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்தன. ஜப்பான்காரர்கள் தண்ணீர் பம்ப்பின் சீல் தேய்கிறது என்று சிலிக்கேட்டைத் தவிர்த்தார்கள். அவரவர் ஊர்த் தண்ணீரும் பம்ப்பும் அவரவர் சூத்திரத்தில் இருக்கிறது. நாம் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும்.

சரி, பெயருக்கு வருவோம். வேதியியலை விட்டு அது வேலை செய்கிற விதத்தைப் பார்த்தேன். சிலிக்கேட் வகை, எஞ்சினுக்குள் திரவம் படுகிற உலோகப் பரப்பு முழுவதும் மெல்லிய படலமாகப் படிந்து மூடிவிடுகிறது. வேகமாகக் காக்கும், வேகமாகவே தீர்ந்தும் போகும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கரிம அமில வகை அரிப்பு தொடங்குகிற இடத்தில் மட்டும் போய் வேலை செய்கிறது; மெதுவாகச் செலவாகிறது, ஐந்து ஆண்டு வரை தாங்குகிறது. ஆகவே படலக் காப்பு, புள்ளிக் காப்பு, கலப்புக் காப்பு. உச்சரிப்பிலும் ஒன்றோடொன்று மயங்காது.

இப்போது ஐயாவின் அம்பாசடர். அதன் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், இணைப்பெல்லாம் ஈயப் பற்றவைப்பு. புள்ளிக் காப்பு வகைகளில் பல இந்த ஈயப் பற்றவைப்பைப் போதுமான அளவு காப்பதில்லை. அவற்றில் சேர்க்கும் சில அமிலங்கள் பழைய சிலிக்கோன் கேஸ்கெட்டுகளை இளக்கியும் விடும். நீண்ட நாள் உழைக்கும், விலையும் கூட, ஆகவே உயர்ந்தது என்று பழைய வண்டிக்கு அதை வாங்குவது வீண். படலக் காப்பே போதும், செம்புக்கும் பித்தளைக்கும் காப்பு உண்டு என்று குறிப்பிட்டிருந்தால் நல்லது. ரேடியேட்டரை இடையில் அலுமினியத்துக்கு மாற்றியிருந்தால் கதை வேறு. அப்போது கலப்புக் காப்பைப் பார்க்கலாம், எஞ்சின் கேஸ்கெட்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு.

ஏற்கெனவே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மேலே ஊற்றி நிரப்பாதீர்கள். படலக் காப்பும் புள்ளிக் காப்பும் சேர்ந்தால் ஒன்றின் ஆயுளை மற்றது குறைக்கும். சில சேர்க்கைகள் கூழாகத் திரண்டு அடைத்தும் விடும். எஞ்சின் ஆறிய பிறகு முழுவதும் வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, அப்புறம் நிரப்புங்கள். அலசியதும் எங்காவது ஒழுக ஆரம்பித்தால் புதுச் சரக்கைத் திட்டாதீர்கள். பல வருடப் படிவு அடைத்து வைத்திருந்த ஓட்டை அது.

இன்னொன்று. பழைய வண்டிகளில் சேமிப்புக் குப்பி கிடையாது. நிரம்பி வழிவது குழாய் வழியே தரையில் விழும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். குழாய் முனையில் ஒரு குப்பியைக் கட்டிவிடுங்கள்.

* * *

ஏற்காட்டிலிருந்து.

படலக் காப்பு, கலப்புக் காப்பு இரண்டும் சம்மதம். புள்ளிக் காப்பில் ஒரு நெருடல்: புள்ளி என்றதும் மாணவர்கள் கொதிநிலைப் புள்ளி, உருகுநிலைப் புள்ளி என்று போவார்கள். இடக் காப்பு என்று போட்டால்? வலக் காப்பு எங்கே என்று கேட்பார்கள், வேண்டாம். புள்ளியே இருக்கட்டும்.

காப்புச்செறிவு பற்றி இயற்பியல் நண்பர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார்: வெப்பக்காப்பு என்றால் வெப்பம் கடத்தாமல் தடுப்பது, மின்காப்பும் அப்படியே, ஆகவே இந்தப் பெயர் வெப்பத்தைத் தடுக்கும் சரக்கு என்று தொனிக்கிறது என்கிறார். நியாயமான பேச்சு. தொகுப்பில் முழுப் பதிவாக அரிப்புக்காப்புச் செறிவு என்றும், பேச்சுவழக்குக்குக் காப்புச்செறிவு என்றும் போட்டுவிடலாம். துருக்காப்பு வேண்டாம், துரு இரும்புக்கு மட்டும்தான் பிடிக்கும், செம்பும் அலுமினியமும் அரிக்கும்.

தெர்மோஸ்டாட்டுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று தேடினேன், பதிவே இல்லை. வெப்பநிலைநிறுத்தி என்று எழுதி வைக்கிறேன். அம்பாசடரில் அதையும் யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் மெக்கானிக் சொன்னார். புதியது கடையில் இருந்தால் செவ்வாய்ப்பேட்டைத் தம்பி எடுத்து வைக்கவும், 82 டிகிரியில் திறக்கிறது போதும்.