டியூபில் அடைக்காத புரதக் கஞ்சி: செய்முறை தேவை

வாய்ப்புற்று நோயாளிகளுக்கு உணவுத்திட்டம் போடும் நண்பர்களே, ஓர் உதவி.

தாடை இறுகி ஒரு விரல்கூட நுழையாதவர்கள் வெறும் கஞ்சித் தண்ணீரிலேயே நாளை ஓட்டிவிடுகிறார்கள். 6 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கியிருந்தால், 7 முதல் 14 நாள் ஊட்டம் ஏற்றிய பிறகு ஆபரேஷனுக்கு அனுப்புவதே நல்லது. இல்லாவிட்டால் புண் ஆறாது, தையல் விடும்.

45 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 1350 கலோரி, 55 முதல் 65 கிராம் புரதம் வேண்டும். (5 நாளுக்கு மேல் சாப்பிடாதவருக்கு முதல் 2 நாள் பாதிதான், தயமின் (வைட்டமின் பி1) முன்கூட்டியே.)

சத்துமாவுக் கஞ்சி ஆறியதும் இறுகி, மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூபை அடைக்கிறது. முளைகட்டிய ராகி மாவு ஒரு ஸ்பூன் கலந்தால் இளகிவிடும். ஆனால் கொதிக்கும்போது போட்டால் பலிக்காது. இறக்கி, சற்று ஆறிய பிறகு கலக்கி, இளகியதும் மறுபடி ஒரு கொதி விட வேண்டும்.

சிக்கல் புரதத்தில். பால் பவுடரைக் கூட்டினால் சிலருக்கு வயிற்றுப்போக்கு. பாலில்லாமல், 200 மில்லியில் 200 கலோரியும் 10 கிராம் புரதமும் தரும், 12 எண் குழாயில் தடையின்றி இறங்கும் கஞ்சி யாரிடம் இருக்கிறது? பொட்டுக்கடலையா, வேர்க்கடலையா, சோயாவா? கிராம் கணக்கு, வடிகட்டிய விதம், எத்தனை மணி நேரம் கெடாமல் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.