அன்னதான அறக்கட்டளையில் அறங்காவலராகச் சேர அழைப்பு: முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வைகைக்கரை:

வணக்கம். ஒரு மாவட்டத் தலைநகரில், அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிகளுக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு போடும் அறக்கட்டளை இது. ஞாயிறு தவிர தினமும் 150 பேர் சாப்பிடுகிறார்கள். சப் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகி 4 வருடம் ஆகிறது. அறங்காவலர்கள் 7 பேர், அதில் இருவர் கூட்டத்துக்கு வருவதே இல்லை. நிறுவனர்தான் நிர்வாக அறங்காவலர். காசோலையில் அவர் கையெழுத்து மட்டும் போதும். மளிகை முழுவதும் பொருளாளரின் தம்பி கடையிலிருந்து வருகிறது. என்னையும் இன்னும் இருவரையும் புதிதாகச் சேரச் சொல்கிறார்கள்.

யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது, வரிசையில் நிற்பவர்களிடம் மரியாதையாக நடக்கிறார்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும்? தம்பி கடையில் வாங்குவது சரியா? கல்யாண மண்டபங்களில் மிஞ்சிய சாப்பாட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கடி அழைப்பு வருகிறது, வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு:

சார், முதல் வேலை டிரஸ்ட் பத்திரத்தை முழுசாகப் படிப்பது. நகலின் முதல் பக்கத்தை மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அறங்காவலர்கள் அதிகபட்சம் எத்தனை பேர், புதியவரை நியமிப்பது யார், பதவிக்காலம் எவ்வளவு, கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும் என்ற நான்கையும் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 7 என்று இருந்தால் உங்கள் மூவருக்கும் இப்போது இடமே இல்லை. வராத இருவரும் ராஜினாமா கொடுத்தாலும் இரண்டு இடம்தான் காலியாகும். இதைக் கவனிக்காமல் பெயரை எழுதிவிட்டு, பிறகு வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போதுதான் பல இடங்களில் விஷயம் வெளியே வருகிறது. பத்திரத்தை மேலாளர் வரிவரியாகப் படித்துவிட்டு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது வருமான வரிப் பதிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. எல்லோருக்கும் பழகிய 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் பதிவு) என்ற பெயர்களிலேயே சொல்கிறேன். புது அறக்கட்டளைக்கு முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு, அதற்கு ஆயுள் 3 வருடம். பணி தொடங்கிய 6 மாதத்துக்குள், அல்லது அது காலாவதியாவதற்கு 6 மாதம் முன்னால், இரண்டில் எது முந்தியோ அதற்குள் முறையான (ரெகுலர்) பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். உங்கள் அறக்கட்டளைக்கு வயது 4. அதனால் ஆணையை நேரில் வாங்கி, அதில் தற்காலிகம் என்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். காலாவதியாகியிருந்தால் விலக்கு போவதோடு நிற்காது, சொத்து மதிப்பின் மீதே வரி வரும் நிலை உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி கமிஷனரிடம் அனுமதி கேட்க வழி இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் சேர்வதற்கு முன் தெரிந்துகொள்வது வேறு, சேர்ந்த பின் தெரிந்துகொள்வது வேறு. அறங்காவலர் பொறுப்பு எல்லோருக்கும் கூட்டாகச் சேரும். "நான் கணக்கைப் பார்க்கவில்லை" என்பது தற்காப்பாகாது.

ரசீதுப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு 80ஜி கழிவு கிடைக்காது. அரிசி மூட்டை, எண்ணெய் டின் என்று பொருளாகக் கொடுத்தவருக்கும் கிடையாது. மூட்டைக்கு விலை போட்டு 80ஜி ரசீது எழுதும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பொருளுக்குத் தனி ரசீதுப் புத்தகம் போட்டு, எடையை மட்டும் எழுதினால் போதும். பணம் கொடுத்தவர்களின் பட்டியலை நிதியாண்டு முடிந்து மே 31க்குள் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், நன்கொடையாளருக்குச் சான்றிதழும் போகாது. ஒரு முறை சான்றிதழ் வராமல் போனவர் மறு வருடம் கொடுப்பது சந்தேகம்தான்.

தம்பி கடை விஷயம். உறவினர் கடையில் வாங்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை (உங்கள் பத்திரம் சொல்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் தடை இருக்கும்). அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ சந்தை விலைக்கு மேல் போனால்தான் வரி விலக்குக்கே ஆபத்து. அதனால் 3 மாதத்துக்கு ஒரு முறை மூன்று கடைகளில் எழுத்தில் விலை வாங்குங்கள். கூட்டத்தில் இந்த விஷயம் பேசப்படும்போது பொருளாளர் எழுந்து வெளியே போக வேண்டும். அவர் வெளியே இருந்தார், மற்றவர்கள் முடிவெடுத்தார்கள் என்று மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஒரு வரி வர வேண்டும். தம்பி கடையே மலிவு என்று தெரிந்தால் அங்கேயே வாங்குங்கள். அந்த ஒரு வரி பொருளாளருக்குத்தான் பெரிய பாதுகாப்பு.

உக்கிராணம்:

மேலே சொன்னது காகிதப் பக்கம். அன்னதானத்தில் உண்மை வெளிப்படும் இடம் ஸ்டாக் ரூம். உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடுவோம்.

ஒரு ஆளுக்கு 120 கிராம் அரிசி என்றால் 150 பேருக்கு 18 கிலோ. மாதம் 26 நாளுக்கு 468 கிலோ. 26 கிலோ மூட்டையில் சரியாக 18 மூட்டை. மூட்டையில் எத்தனை கிலோ என்பதை முதலில் பாருங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, பெயரிட்ட பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் 26 கிலோ மூட்டை பெருகியது. நன்கொடையாக வருவதில் 25ம் இருக்கும், 26ம் இருக்கும். ரெஜிஸ்டரில் "மூட்டை 20" என்று எழுதினால் 20 கிலோ காணாமல் போனாலும் தெரியாது. கிலோவில்தான் எழுத வேண்டும்.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஆளுக்கு 25 கிராம் வீதம் 3¾ கிலோ, காய் 75 கிராம் வீதம் 11¼ கிலோ. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய். உங்கள் அளவு இதை ஒட்டி இருந்தால் நியாயமான சாப்பாடு.

அறங்காவலர்கள் மாதம் ஒரு முறை கேட்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: செலவான அரிசியைச் சாப்பிட்டவர் எண்ணிக்கையால் வகுத்தால் எவ்வளவு? 120 கிராமில் இருந்தது 145க்குப் போனால் காரணம் தேடுங்கள். எடுத்தவுடன் திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். புது அரிசி பழைய அரிசி அளவுக்குச் சோறு காணாது, அதே 150 பேருக்குக் கூடுதலாகப் போட வேண்டிவரும். டோக்கன் கொடுக்காமல் தலையை எண்ணினால் எண்ணிக்கை குறைவாக விழும். சமையலறையில் படியால் அளந்துவிட்டு ரெஜிஸ்டரில் கிலோவாக எழுதுவதும் உண்டு. அந்தப் படியைத் தலை தட்டி ஒன்று, குவித்து ஒன்று என்று தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். காலையில் ஒருவர் தலை தட்டியும் மறுநாள் இன்னொருவர் குவித்தும் அளந்தால் வரும் வித்தியாசமே மாதக் கடைசியில் ஒரு மூட்டையாக நிற்கும். இதெல்லாம் சரியாக இருந்தும் எண் இடித்தால் அப்புறம் சாவி யாரிடம் என்று கேளுங்கள். சாவி வைத்திருப்பவரும் ரெஜிஸ்டர் எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

மண்டபச் சாப்பாடு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். அதனால் உங்கள் சமையலறைக்கே எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இருக்க வேண்டும். மிஞ்சிய உணவை வாங்கி வழங்குவதற்கென்றே 2019இல் தனி ஒழுங்குமுறை வந்து, 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

வாங்கலாம், ஆனால் யார் போன் எடுத்தாலும் ஒரே பதில் சொல்லும்படி எழுத்தில் விதி வேண்டும். எப்போது சமைத்தது, எப்போதிலிருந்து அடுப்பை விட்டு இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் குத்தாமல் நடுவில், அடி வரை குத்துங்கள். அண்டாவில் குவிந்த சோறு மேலே ஆறிவிடும், நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெதுவெதுப்பில்தான் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அதன் வித்து வேகும்போது சாகாது, வாந்தி உண்டாக்கும் நஞ்சும் மறுபடி சூடாக்கினாலும் போகாது. "நல்லா கொதிக்க வைச்சுட்டோம்" என்பது இங்கே உதவாது. இரவு விருந்தில் மிஞ்சிய சோற்றை மறுநாள் மதியத்துக்கு வாங்கவே வாங்காதீர்கள். தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி, பால் இனிப்பு எல்லாம் எந்த நேரத்திலும் வேண்டாம். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவர் படுத்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

வாங்கியதற்கு ஒரு நோட்டு: மண்டபத்தின் பெயர், சமைத்த நேரம், பெற்ற நேரம், எடை, வெப்பநிலை, யாருக்கு வழங்கியது, கையெழுத்து.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. விசாரித்ததில் பத்திரத்தில் அதிகபட்சம் 9 என்று இருக்கிறது. எனவே ஒருவராவது விலகினால்தான் நாங்கள் மூவரும் சேர முடியும். இன்னும் இரண்டு கேள்வி. வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு நிறுவனரின் சொந்த எண்ணுக்குப் போகிறது. அதைச் சொன்னால் அவர் மனம் புண்படும் என்று மற்றவர்கள் தயங்குகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் சிலர் மாதாமாதம் பணம் அனுப்பவும் தயாராக இருக்கிறார்கள்.

நெல்லைக்காரி:

அண்ணா, க்யூஆர் கோடு விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். சொந்தக் கணக்கில் விழும் நன்கொடை, வரித்துறையின் பார்வையில் அந்த நபரின் வரவு. அவர் ஒவ்வொரு பைசாவையும் அரிசிக்கே செலவழித்திருந்தாலும் அதை நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான். "உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வரக் கூடாது என்பதற்காகக் கேட்கிறோம்" என்று தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். அறக்கட்டளைக் கணக்குக்கு வங்கியிலேயே க்யூஆர் வாங்கிக்கொள்ளலாம். பழைய ஸ்டிக்கரைக் கிழித்த தேதியைத் தீர்மானமாக எழுதி, அதுவரை வந்த தொகையை ஸ்டேட்மென்டுடன் ஒப்பிட்டு அறக்கட்டளைக்கு மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் பலருக்கும் தெரியாத இடம் ஒன்று உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், கனடா குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும். அவர் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருந்தாலும், ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் 500 ரூபாய் வாங்கினாலும் விதிமீறல். அனுப்பும் ஒவ்வொருவரிடமும் குடியுரிமை என்ன என்று எழுத்தில் உறுதிமொழியும் பாஸ்போர்ட் நகலும் வாங்கி வையுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களின் அன்பைத் திருப்பி அனுப்ப மனசு வராதுதான், ஆனாலும் அனுப்பியாக வேண்டும்.

நிறுவனரைப் பற்றி. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது என்றால், அவருக்குப் பிறகும் அரிசி வரவும் விறகு அடுக்கவும் ஆட்களும் ஏற்பாடும் இருந்ததால்தான். உங்கள் நிறுவனருக்கு உடம்புக்கு முடியாமல் பத்து நாள் படுத்தால் காசோலையில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? கணக்குக் கேட்பதாக ஆரம்பிக்காமல் இந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள். நிர்வாக அறங்காவலர், பொருளாளர், இன்னொருவர் என மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்து என்று வங்கிக்குத் தீர்மானம் கொடுக்கலாம். நெட் பேங்கிங்கிலும் ஒருவர் பதிவு செய்ய இன்னொருவர் ஒப்புதல் தரும்படி அமைக்கலாம். தினசரிக் காய்கறிக்கு இது தடையாகிவிடக் கூடாது. 5,000 ரூபாய் வரை அவரே செலவழித்துவிட்டு பில்லை ஒட்டட்டும், அதற்கு மேல் இரண்டு கையெழுத்து, புது அண்டா, கிரைண்டர், வண்டி போன்றவற்றுக்கு முன்கூட்டியே தீர்மானம் என்று வைத்தால் யாருக்கும் சங்கடம் இல்லை. தொகையை உங்கள் செலவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அறங்காவலர் மாதம் ஒரு நாளாவது கரண்டி பிடித்துப் பரிமாற வேண்டும், வரிசையில் நிற்பவர் முகம் தெரியாமல் பட்ஜெட் போட முடியாது. ஆனால் அன்றைக்கு மாஸ்டருக்கு உத்தரவு போடக் கூடாது. உப்புக் குறைவு என்று ஒருவர், காரம் அதிகம் என்று இன்னொருவர் நேரடியாகச் சொல்ல ஆரம்பித்தால் நல்ல சமையல்காரர் மூன்றே மாதத்தில் கிளம்பிவிடுவார். சொல்ல வேண்டியதை நிர்வாக அறங்காவலர் வழியாக மட்டும் சொல்லுங்கள்.

பேரேடு:

நெல்லைக்காரி மேடம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். வராத இருவர் பற்றி மட்டும் சொல்ல விட்டுப்போனது. தொடர்ந்து எத்தனை கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி போகும் என்று பத்திரத்தில் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் நீங்களாக நீக்க முயலாதீர்கள், சிவில் கோர்ட் வரை போகும். ஸ்பீட் போஸ்டில் கூட்ட அழைப்பு அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை மினிட்ஸ் நோட்டில் ஒட்டுங்கள். பெரும்பாலும் இரண்டாவது அழைப்பிலேயே ராஜினாமா கடிதம் வந்துவிடும். அதில் தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து, அதை ஏற்கும் தீர்மானத்தை முதலிலும் உங்களை நியமிக்கும் தீர்மானத்தை அடுத்தும் எழுதச் சொல்லுங்கள். வரிசை மாறினால் அந்த நேரத்தில் எண்ணிக்கை 9ஐத் தாண்டிவிடும், உங்கள் நியமனம் செல்லாது என்று யாராவது பின்னால் கிளப்பலாம்.