பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஸ்பீக்கர்: என் அனுபவம்

நான் பாட்டுக் கேட்கும் அறை பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்டது, உயரமும் பத்தடிதான். கடையின் விசாலமான கூடத்தில் கேட்டு மனத்தைப் பறிகொடுத்து, தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஆறரை அங்குல வூஃபர்கள் இரண்டிரண்டாகப் பொருத்திய, இடுப்பளவு உயரமுள்ள ஸ்பீக்கர் ஜோடியை இந்த அறைக்கு வாங்கி வந்தேன். அது பெருந்தவறு.

வீட்டில் முதல் நாளே பாஸ் கிட்டாரின் ஒரு சுரம் மட்டும் வீங்கி ஒலித்தது. அது வரும்போதெல்லாம் இரும்பு பீரோவின் கதவு அதிர்ந்தது. ஸ்பீக்கர் பழுது என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை, சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தின் இருமடங்கால் வகுத்தால், அறை எந்த அதிர்வெண்ணில் முழங்கும் என்பது தெரியும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு முழக்கங்களும் ஒரே இடத்தில் விழுகின்றன. பாஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ்! மரச்சட்டத்தில் பலகை அடித்துக் கட்டிய வீடுகளில் பாஸ் என்னும் தாழ்ந்த ஒலி ஓரளவு வெளியே கசிந்துவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அதை உள்ளேயே தேக்கிவைக்கின்றன. ஆகவே வெளிநாட்டு மதிப்புரைகளில் பாஸ் போதவில்லை என்று குறைகூறப்படும் சிறு ஸ்பீக்கர், நம் அறைக்குச் சரியாக இருக்கக்கூடும் என்பது என் உறுதியான கருத்து.

ஆறு மாதம் கழித்து அவற்றை நட்டத்துக்கு விற்றுவிட்டு, துளையில்லாமல் மூடிய பெட்டியில் ஐந்து அங்குல வூஃபர் கொண்ட சிறிய ஜோடியை வாங்கினேன். மூடிய பெட்டியில் பாஸ் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் என்ற அளவில் மெல்லக் குறைகிறது. துளையுள்ள பெட்டியில் அது 24 டெசிபல் வரை செங்குத்தாகச் சரியும். மெல்லக் குறையும் பாஸுக்குச் சுவர்களே கைகொடுக்கின்றன. 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களின் நெருக்கடிக்குள் வைப்பதற்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரும் இத்தகைய மூடிய சிறு பெட்டிதான்.

வைக்கும் இடத்துக்குத்தான் அதிக நாள் செலவாயிற்று. நாற்காலி பின்சுவரை ஒட்டியிருந்தவரை பாஸ் குவிந்தது. மூன்றடி முன்னே நகர்த்தியதும் மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியே கேட்டன. தம்பி ஒரு கண்ணாடியைப் பக்கச்சுவரோடு நகர்த்திக்கொண்டே வர, உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் என் இருக்கையிலிருந்து அதில் தெரிந்த இடத்தில் தடித்த ஜமக்காளத்தை மாட்டினேன்; ஒலி சுவரில் பட்டு என்னிடம் தெறிக்கும் இடம் அதுதான். பாஸுக்கு அது உதவாது. ஆனால் வயலினில் காதைக் கூசவைத்த கூர்மை அன்றே அடங்கியது.

இப்போது தரை துடைக்க நகர்த்தினாலும் மீண்டும் அதே இடத்தில் வைப்பதற்காக, மொசைக் தரையில் ஸ்டாண்டின் நான்கு மூலைகளுக்கும் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.