மெட்டி ஒலி பார்த்த வன்னி ஆக்களே, ஒரு உதவி

வணக்கம் உறவுகளே. 2002 முதல் 2005 வரை சன் ரீவியில் போன திருமுருகனின் 'மெட்டி ஒலி' நாடகத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். சண்டை நின்று, யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்த காலம். முல்லைத்தீவில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. ஜெனரேற்றர் இருந்த வீட்டு முற்றத்தில்தான் எல்லாரும் குந்தியிருந்து பார்ப்போம். மாணிக்கத்தின் தாய் ராஜம் வந்தாலே கிழவிகள் வாய்விட்டுத் திட்டுவார்கள். மாணிக்கத்தின் மனைவி சரோஜா அழுதால் முற்றமே மூக்கைச் சிந்தும். எனக்கென்றால் சரோஜாவோடு சேர்த்து ஐந்து பெண்பிள்ளைகளையும் தனியே வளர்த்த அப்பா சிதம்பரத்தில்தான் பாசம்.

2004 மார்கழியில் சுனாமி வந்தது. அதோடு எங்களுக்கு நாடகமும் நின்றுபோனது. கடைசிப் பகுதிகளை அம்மா இன்றுவரை பார்க்கவில்லை.

மாணிக்கம் கடைசியில் திருந்தினானா? தாயை எதிர்த்து ஒரு வார்த்தையாவது கதைத்தானா? யூடியூப்பில் தேடினால் துண்டு துண்டாக வருகிறது. முடிவுப் பகுதிகள் ஒழுங்கு வரிசையில், சத்தம் தெளிவாக எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இணைப்பைப் போடுங்கள். முடிவைக் கொமெண்டில் எழுதுபவர்கள் தயவுசெய்து முதல் வரியிலேயே போட்டு உடைக்காதீர்கள், அம்மாவும் பக்கத்தில் இருந்து வாசிக்கிறா.