சிறு விமானத்துக்கு ரூட் போடுவது: நேர்க்கோடு போதுமா, நிலத்தைப் பார்த்துத்தான் போட வேண்டுமா?

முகிலன்172:
சிம்மில் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளில்) செஸ்னா 172 என்கிற சிறு விமானத்தை ஓட்டுகிற பலர் உலக வரைபடத்தைத் திறந்து, கிளம்புகிற இடத்தையும் இறங்குகிற இடத்தையும் தட்டிவிட்டு, நடுவில் விழுகிற கோட்டை அப்படியே ரூட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மலை எங்கே, ஆறு எங்கே, காற்று எந்தப் பக்கம், வழியில் இறங்க எந்த ரன்வே இருக்கிறது என்று எதையும் பார்க்காமல் போடுகிற கோடு ரூட்டே கிடையாது. மாற்றுக்கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள், பேசுவோம்.

நேர்வழி:
எனக்கு இருக்கிறது. நிஜத்தில் பறக்கிறவர்களே இன்று விமானத்தின் ஜி1000 கணினித் திரையில் டைரக்ட்-டு (இலக்குக்கு நேராகப் போ) பொத்தானை அழுத்திவிட்டுத்தான் போகிறார்கள். ஜிபிஎஸ் வந்தபிறகு அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவே விஓஆர் நிலையங்களை (விமானத்துக்குத் திசை காட்டும் தரை ரேடியோ நிலையங்களை) குறைத்துக்கொண்டு வருகிறது. அப்படியிருக்க, வீட்டில் ஒரு மணி நேரம் பறக்க உட்காருகிறவன் அதில் அரை மணி நேரத்தை வரைபடத்தோடு ஏன் செலவழிக்க வேண்டும்? நான் பறக்கத்தான் சிம் வாங்கினேன்.

முகிலன்172:
சரி, கொலராடோவில் ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பனிலிருந்து லெட்வில். வரைபடத்தில் கிட்டத்தட்ட நேர் கிழக்கு, சுமார் 25 கடல் மைல்தான், கால் மணி நேர வேலை மாதிரி தெரியும். ஆனால் அந்தக் கோடு மவுண்ட் மாசிவ் சிகரத்தை ஒட்டிப் போகிறது, அது 14,400 அடிக்கு மேல். 172எஸ் (செஸ்னா 172இன் ஒரு ரகம்) விமானத்தின் உச்ச உயரமே 14,000 அடி. கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறுகிற அதே விமானம் முழு எடையோடு 12,000 அடியில் 300 அடிகூட ஏறாது, எரிபொருள்-காற்றுக் கலவையை உயரத்துக்கு ஏற்றபடி சரியாக லீன் செய்திருந்தாலும் (எரிபொருளைக் குறைத்திருந்தாலும்) அவ்வளவுதான். டைரக்ட்-டு அழுத்தினால் ஆட்டோபைலட் உங்களை நேராக மலைச்சுவரிடம் கொண்டுபோய் நிறுத்தும். நிலத்தைப் பார்த்துப் போடுகிறவர் தென்கிழக்கே போய், சாலை போகிற இன்டிபென்டன்ஸ் கணவாயை (12,095 அடி) போதிய உயரத்தில் தாண்டி, ட்வின் லேக்ஸ் ஏரிகள் கண்ணில் பட்டதும் ஆர்கன்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வடக்கே திரும்பி லெட்விலுக்குப் போவார். தூரம் கூடும்தான், ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். அப்புறம் லெட்வில் ரன்வேயே 9,934 அடியில் இருக்கிறது, அங்கே இறங்கிய பிறகு திரும்பக் கிளம்புவது தனிக் கணக்கு.

நீலவரம்பு:
இடையில் ஒரு வார்த்தை. இதையெல்லாம் தாளும் அளவுகோலும் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. லிட்டில் நேவ்மேப் என்கிற ரூட் போடும் மென்பொருள் இலவசம், எம்எஸ்எஃப்எஸ், எக்ஸ்-பிளேன் ஆகிய இரண்டு சிம்களோடும் வேலை செய்யும். ரூட்டைப் போட்டதும் கீழே நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பக்கவாட்டில் வரைந்து காட்டும், முகிலன் சொன்ன மலை அதில் உடனே தெரிந்துவிடும். கோட்டை மவுஸால் பிடித்துக் கணவாய்க்கு இழுத்தால் முடிந்தது. பயணத் திட்டம் போட்டுத் தரும் சிம்பிரீஃப் இணையதளமும் நல்ல கருவிதான், ஆனால் அது அடிப்படையில் வான்வழிகளில் போகிற பெரிய விமானங்களுக்கான சிந்தனை. சிறு விமானத்துக்கு அதையே நம்பியிருக்க வேண்டாம்.

நேர்வழி:
மலையில் நீங்கள் சொல்வது சரி, அதில் எனக்கு வாதமே இல்லை. சமவெளிக்கு வாருங்கள். ஒரு மேடும் இல்லாத இடத்தில் நேர்க்கோடுதான் குறைந்த தூரம், குறைந்த எரிபொருள். காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் ஜிபிஎஸ் காட்டிவிடும், திருத்திக்கொள்ளலாம். அங்கேயும் எதற்கு வேபாயிண்ட் (வழியில் குறித்துவைக்கும் புள்ளி)?

முகிலன்172:
ஜிபிஎஸ் காட்டுவது கிளம்பிய பிறகு. ரூட் போடுவது கிளம்புவதற்கு முன்னால். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. 300 கடல் மைல் பயணம், 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகம் என்றால் 2 மணி 44 நிமிடம். 25 நாட் எதிர்காற்று இருந்தால் அதே பயணம் 3 மணி 32 நிமிடம். மணிக்கு 9 காலன் என்று வைத்தால் 7 காலனுக்கு மேல் கூடுதலாகக் குடிக்கும். 172எஸ்ஸில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 காலன் என்பதால் டேங்க் நிரம்பியிருந்தால் சிக்கல் இல்லை. மூன்று பேரை ஏற்றி எடைக்காகப் பாதி டேங்க்தான் போட்டிருக்கிறீர்கள் என்றால்? 26 காலன் சொச்சத்தில் 3 மணி 32 நிமிடம் போகவே முடியாது. நடுவில் எங்கே இறங்கி நிரப்புவது என்பதை முதலிலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும். காற்று வேறு உயரத்தில் குறைவாக இருக்கலாம், அதையும் பார்த்துத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். திசையும் கவனிக்கணும், அமெரிக்க விதிப்படி தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல் கண்பார்வையில் பறக்கும்போது கிழக்குப் பாதித் திசைகளில் போனால் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 (5,500 அடி மாதிரி), மேற்குப் பாதியில் போனால் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 (6,500 அடி மாதிரி).

பக்கக்காற்றுக்கும் சொல்கிறேன். 110 நாட்டில் போகும்போது 20 நாட் பக்கக்காற்றை எதிர்த்து மூக்கைச் சுமார் 10 டிகிரி திருப்பி வைக்க வேண்டும். திருப்பாமல் 60 கடல் மைல் போனால் கிட்டத்தட்ட 11 கடல் மைல் தள்ளிப்போய் நிற்பீர்கள். ஒரு முறை ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு இதைக் கணக்குப் போட்டுப் பறந்து, நினைத்த நிமிடத்தில் நினைத்த ஆறு சிறகுக்குக் கீழே வருவதைப் பாருங்கள். சிம்மில் இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

தாரகை:
இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று. சிம்மில் அடையாளம் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீர்த் தொட்டி, ஒற்றைக் கோபுரம், குறிப்பிட்ட கட்டடம் போன்றவற்றை நம்பாதீர்கள். கட்டடங்கள் பல இடங்களில் தானாக உருவாக்கப்பட்டவை, நிஜத்தில் இருப்பது அங்கே இல்லாமல் போகலாம். ஏரிக்கரை, ஆற்று வளைவு, இரண்டு நெடுஞ்சாலை சேருமிடம், வேறொரு விமான நிலையத்தின் ரன்வே, இவை பெரும்பாலும் சரியாக இருக்கும். 10 முதல் 15 கடல் மைலுக்கு ஒன்று போதும். நெருக்கமாக வைத்தால் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டுப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நீலவரம்பு:
தாரகை சொன்னதோடு விஓஆரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தாழப் பறந்தால் சிக்னல் தூரம் குறையும், 1,000 அடியில் ஏறக்குறைய 39 கடல் மைல், 4,000 அடியில் 78. நடுவில் மலை இருந்தால் அதுவும் கிடைக்காது.

நேர்வழி:
எரிபொருள் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், பாதி டேங்க் உதாரணம் நியாயமானது. இனி காற்றையும் நடுவில் இறங்கும் இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஆனால் சமவெளியில், டேங்க் நிறைய, வானம் தெளிவு என்றால் நேர்க்கோடுதான் போடுவேன். அதை ரூட்டே கிடையாது என்று நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்க மாட்டேன் முகிலன். காற்றும் நிலமும் பார்த்த பிறகு நேராகப் போவது என்று எடுக்கிற முடிவும் திட்டம்தான்.

முகிலன்172:
பார்த்த பிறகு போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பார்க்காமல் போடுவதைத்தான் சொன்னேன். அடுத்து ஆஸ்பன்-லெட்வில் போட்டுப் பாருங்கள், காலையில் காற்று அடங்கியிருக்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், கணவாய்க்கு நேராகப் போகாமல் 45 டிகிரி சாய்வாக நெருங்குங்கள். அப்போதுதான் ஏற முடியாவிட்டால் பள்ளத்தாக்குப் பக்கம் சட்டென்று திரும்ப முடியும்.