கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் டைனோசர் எலும்பு பார்க்கும் நடை: பேரனோடு போகலாமா?

கோண்டாவில் ரீச்சர்:
ஆடி மாதம் கல்கரியில் மகள் வீட்டுக்குப் போகிறேன். பேரனுக்கு எட்டு வயது, டைனோசர் என்றால் உயிர். புரூக்ஸ் நகருக்கு அங்கால் உள்ள டைனோசர் மாகாணப் பூங்காவில் எலும்புகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கலாமாம். வழிகாட்டி கட்டாயம் வேண்டுமா? இறக்கத்தில் எனக்கு முழங்கால் நோகும். பிறகு, அவன் விடாமல் கேட்கிற கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஏன் டைனோசர் எலும்பு இல்லை?

சாவகச்சேரித் தம்பி, கல்கரி:
ரீச்சர், கட்டாயம் போங்கோ, வழிகாட்டியோடேயே போங்கோ. சில பாதைகளில் நாங்களே நடக்கலாம். ஆனால் பூங்காவின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட இடம், அதற்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். நல்ல எலும்புகள் அங்கேதான் கிடக்கின்றன.

சென்ட்ரோசரஸ் என்ற டைனோசர்களின் எலும்புகள் குவிந்து கிடக்கும் படுகைக்குப் போகும் நடையைத்தான் நான் சொல்வேன். கொம்புள்ள அந்த விலங்குகள் ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கூட்டமாகச் செத்துப்போயின. வெள்ளத்தில் அள்ளுண்டிருக்கலாம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்த இடம் இப்போது போல வறண்ட நிலம் இல்லை, கடலுக்குக் கிட்டிய, ஆறுகள் ஓடிய பச்சைச் சமவெளி. பனியுகம் முடியும்போது உருகி ஓடிய தண்ணீர்தான் நிலத்தை அறுத்து எலும்புகளை வெளியே காட்டியது. இன்றைக்கும் ஒவ்வொரு மழையும் புதிதாக ஏதாவது ஒன்றைக் கழுவி விடுகிறது. இதைப் பேரனுக்கு முதலே சொல்லி வையுங்கோ, நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பான்.

அங்கே நிழலே இல்லை. தொப்பியும் நிறையத் தண்ணீரும் வேண்டும். மழை பெய்தால் அந்தக் களிமண் சவர்க்காரம் போல வழுக்கும், பிடிமானமான சப்பாத்து போடுங்கோ. கடினமான நடைகளுக்கு வயதெல்லை இருக்கும், முன்பதிவு செய்யும்போது கேளுங்கோ. முழங்காலுக்குப் பஸ்ஸில் போகும் சுற்றுலாதான் தோது. ஒரு துண்டு எலும்பும் எடுக்கக் கூடாது, அது சட்டம்.

நல்லூரான்:
பேரனின் கேள்விக்கு: எங்கள் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் மயோசீன் என்கிற புவியியல் காலத்தது, கடலுக்கடியில் படிந்தது. டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன; இந்தக் கல் அதற்கு நெடுங்காலம் பிந்தியது. கிணறு வெட்டிய கல்லை உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கோ, சிப்பி, சோகி அச்சுகள் கிடைக்கலாம்.

கோண்டாவில் ரீச்சர்:
நன்றி பிள்ளையள். டிரம்ஹெல்லர் நகரில் உள்ள டைனோசர் அருங்காட்சியகத்தையும் அதே நாளில் பார்க்கலாமா?

சாவகச்சேரித் தம்பி, கல்கரி:
வேண்டாம் ரீச்சர், இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியால ஓட்டம். அருங்காட்சியகத்துக்கே ஒரு முழு நாள் வையுங்கோ.